மற்றச் சங்கத்தாருக்கும் வாய் உண்டு

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர்கள் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும், பிள்ளைகளின் வேலையைப் பார்க்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மேல் கணக்கிலிருந்தும் கீழ்க் கணக்கிலிருந்தும் நடந்து வந்திருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் பேசிவிட்டுப் போகக் கூடாது. நாமே செய்த ஒரு பிழையைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறோம்.

சென்ற வருடம் கோயில் முன்றலில் நடந்த கூட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். தேயிலைக் காணியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, நாட்சம்பளத்துக்குப் பதிலாகக் கிலோக் கணக்கில் காசு தரும் முறையைப் பற்றிப் பேசக் கூடினோம். ‘அவுட்குரோவர்’ என்று சொல்கிறார்களே, அதுதான். நாட்சம்பளம் போய்விடும், ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் போய்விடும் என்று எங்கள் சங்கம் அதை எதிர்க்கிறது. இன்றைக்கும் அதே நிலைப்பாடுதான்.

அந்தக் கூட்டத்தில் பக்கத்து டிவிஷனைச் சேர்ந்த ஓர் இளைஞர் எழுந்தார். மற்றச் சங்கத்துக்காரர். “எங்க டிவிஷன்ல ஆறு மாசமா இந்த முறைதான்...” என்று தொடங்கினார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. “கம்பெனி ஆளு”, “துரைக்கு வால் பிடிக்கிறவன்”, “அந்தச் சங்கத்துக்காரனுங்க எல்லாம் இப்படித்தான்” என்று நாலு பக்கமும் சத்தம். யாரோ மைக் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மேடையில் இருந்த நாங்கள் அதைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த கிழமை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு வயதான அம்மா வழியில் மறித்துக் கேட்டார்: “ஏன் மாஸ்டர், அந்தப் பையன் என்னதான் சொல்ல வந்தான்?”

எங்களிடம் பதில் இல்லை. கூட்டத்தில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. அவர் பேசி முடிக்கும் முன்பே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நாம் எல்லாரும் முடிவுகட்டிவிட்டோம்.

நாங்கள் இரண்டு பேர் அந்த இளைஞரின் லயத்துக்குப் போனோம். முகத்தில் கோபம் இருந்தது, ஆனாலும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். ஒரு கொப்பியை எடுத்து வந்து காட்டினார். அந்த முறை வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் போக முடிகிறது, பிரட்டில் நின்று ஏச்சு வாங்க வேண்டியதில்லை என்றார். அது அவருடைய அனுபவம், அதை நாங்கள் மறுக்க முடியாது. ஆனால் அவர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். பசளைக்கும் மருந்துக்கும் கழிக்கும் காசை மாதாமாதம் அந்தக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கழிவு எவ்வளவு என்று தோட்டம் எழுத்தில் தருவதில்லையாம். அடுத்தது, ஒப்பந்தக் கடதாசியில் ஆம்பிளையின் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். கொழுந்து பறிப்பது அவருடைய மனைவியும் அம்மாவும். “அவங்க பேரும் வேணும்னு சொல்லத்தான் அண்ணே அன்னைக்கு எழும்பினேன்” என்றார்.

தோழர்களே, கழிவு விபரம் தமிழில் எழுத்தில் வேண்டும், பறிக்கிற பெண்ணின் பெயர் கடதாசியில் வேண்டும் என்ற இரண்டும் இன்று எங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன. அவை அந்தப் பையனின் கொப்பியிலிருந்து வந்தவை. அன்றைக்கு மைக் வயரைப் பிடுங்காமல் இருந்திருந்தால் அதே இரவில் நமக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் அவரைத் தேடிப் போவதற்கு முன்பே நம் பக்கத்துச் சில குடும்பங்கள் அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டன. அந்த வீட்டுப் பெண்களிடம் நாம் என்ன சொல்வது?

கதை அதோடு முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு தோட்டத்தில் எங்கள் கூட்டத்தை மற்றப் பக்கத்தார் குழப்பினார்கள். எங்கள் சுவரொட்டியைக் கிழித்தார்கள். உடனே நாங்கள் முறைப்பாட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். “அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையின்படி எங்கள் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டுள்ளது” என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாம் வயரைப் பிடுங்கினால் தொழிலாளர் உணர்ச்சி, அவர்கள் பிடுங்கினால் உரிமை மீறலா?

அந்த 14 ஆம் உறுப்புரையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில், 14(1) இன் முதலாவது பிரிவு பேச்சுச் சுதந்திரம். அதே வரிசையில் கொஞ்சம் கீழே, தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரம். இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. பேச முடியாத இடத்தில் சங்கம் இருந்து பயனில்லை. ஆனால் அந்த உறுப்புரை இந்த உரிமைகளைக் கொடுப்பது ‘ஒவ்வொரு பிரசைக்கும்’. அப்போது பிரசாவுரிமை இல்லாமல் இருந்த நம் ஆட்களின் கதி என்ன? வேறு நாட்டுப் பிரசையாக இல்லாமல் இங்கேயே நிரந்தரமாகச் சட்டப்படி வாழ்ந்துவந்தவர்களுக்கு, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டுகளுக்கு மட்டும் அந்த உரிமைகள் உண்டு என்று இரண்டாவது பந்தியில் எழுதினார்கள். பேசும் உரிமையைத் தவணைக்கு வாங்கிய சமூகம் நாம். அதன் பெறுமதி நமக்குத்தானே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்?

இன்னும் பின்னால் போவோம். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல் மூட்டை சுமந்து தோட்டங்களுக்குள் போனார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்று ஒரு வெள்ளைக்கார இளைஞர். அவுஸ்திரேலியாவிலிருந்து 1936 இல் துரை வேலை பழக வந்தவர். மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் இருந்தார். லயங்களின் நிலையையும் தொழிலாளர் நடத்தப்படும் விதத்தையும் பார்த்து அவர்கள் பக்கம் நின்றார். வேலை போனது. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் எழுந்து துரைமாரைக் கண்டித்துப் பேசினார். ஒரு வெள்ளைக்காரன் நம் மேடையில் நின்று நமக்காகப் பேசினான்! துரைமாருக்கு அது பொறுக்கவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கட்டளை போட்டார். பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை, தலைமறைவானார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேசாதிபதி இந்த அதிகாரத்தை இப்படிப் பயன்படுத்த முடியாது என்று சொல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அதே மே மாதத்தில் அரசாங்க சபையில் தேசாதிபதிக்கு எதிராகக் கண்டனப் பிரேரணை வந்தது. ஆதரவு 34, எதிர்ப்பு 7. இந்தக் கணக்கைக் கவனியுங்கள். சமசமாஜக் கட்சிக்கு அந்தச் சபையில் இருந்தது இரண்டே பேர், பிலிப் குணவர்தனவும் என்.எம். பெரேராவும். மற்ற வாக்குகள் எங்கிருந்து வந்தன? அந்தக் கட்சியைச் சேராதவர்களிடமிருந்து, சமசமாஜக் கொள்கையோடு ஒத்துப்போகாதவர்களிடமிருந்து. எல்லாரும் பேச்சுரிமையை மட்டும் நினைத்துக் கை தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது. உள்நாட்டு அமைச்சரின் ஆலோசனை இல்லாமல் தேசாதிபதி தன் போக்கில் செய்துவிட்டார் என்ற கோபமும் அதில் இருந்தது. எப்படியானாலும், “அவன் நம் கட்சிக்காரன் இல்லையே, போனால் போகட்டும்” என்று அவர்கள் இருந்துவிடவில்லை. இன்று இவனுக்குச் செய்தது நாளை நமக்கு நடக்கும் என்று கண்டுகொண்டார்கள்.

அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. “வெள்ளைக்காரத் துரைமார் எல்லாம் ஒரே இனம்” என்று நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவரை மேடைக்கு விடாமல் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி நினைக்க அந்த மக்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவிட்டு, காது கொடுத்தார்கள்.

‘எல்லாரும் இப்படித்தான்’ என்ற பேச்சு நமக்கு என்ன செய்தது என்று 1948 ஐக் கேளுங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்கள் வென்றது. வேறு தொகுதிகளில் நம் வாக்கு இடதுசாரிகளுக்குப் பலம் கொடுத்தது. அடுத்த வருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்குச் சொன்ன காரணங்களைச் சுருக்கினால் இரண்டே வரி: இவர்கள் எல்லாரும் இந்தியாவுக்கு விசுவாசமானவர்கள். இவர்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் வாக்குப் போடுவார்கள். இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணிலேயே புதைந்த பாட்டன்மாரை, தனித்தனி ஆளாகப் பார்க்காமல் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். அந்த மூட்டையை அவிழ்க்க 2003 வரை சட்டம் போட வேண்டி இருந்தது. 55 ஆண்டுகள்.

சரி, அதைச் செய்தது ‘சிங்களவர் எல்லாரும்’ என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தை எதிர்த்து இடதுசாரித் தலைவர்கள் பாராளுமன்றத்தில் வாதாடினார்கள், அவர்களில் பலர் சிங்களவர்கள். அப்படியானால் ‘இடதுசாரிகள் எல்லாரும்’ எப்போதும் நம் பக்கம் என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. 1964 இல் நம் மக்களைக் கேட்காமல் நம்மை இரண்டு நாட்டுக்குப் பங்கு போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சமசமாஜக் கட்சி அந்த அரசாங்கத்தில் இருந்தது. யார், எந்த வருடம், என்ன செய்தார் என்று பார்த்தால்தான் சரித்திரம் விளங்கும். பெயர்ப் பலகையை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நாம் படித்திருக்கிறோம். அது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பில் வெந்த சோற்றுக்குச் சரி. மனிதர் ஒரே பானையில் வெந்தவர்கள் இல்லை. உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பிள்ளையின் கொழுந்தில் முற்றல் இலை இருந்தது என்பதற்காக வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் இரண்டு கிலோ கழித்தால் சும்மா இருப்போமா? “என் கொழுந்தைக் கொட்டிப் பாருங்க, அதுல முற்றல் இருந்தா கழிங்க” என்று சண்டைக்குப் போவோம். நியாயமான சண்டை. அதே நியாயத்தை மற்றச் சங்கத்துக்காரருக்கும் கொடுக்க வேண்டும். அவர் சொல்வதைக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கழிப்போம்.

நம் சங்கத்துக்கு வெளியேயும் இதே சோதனை நமக்கு வந்தது. 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காகக் கைது செய்தார்கள். அவர் 4 மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அவர்மீது பாய்ந்தது எந்தச் சட்டம்? மனித உரிமை சம்பந்தமான சர்வதேச உடன்பாட்டுக்காக 2007 இல் கொண்டுவந்த சட்டம்! அடுத்த வருடம் 2020 மே மாதம், அஹ்னாப் ஜஸீம் என்ற இளைஞர் கைதானார். தமிழ் படிப்பித்த ஆசிரியர், கவிஞர். ‘நவரசம்’ என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பில் தீவிரவாதம் இருக்கிறது என்றார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

தமிழ் படிப்பிக்கிற ஆசிரியர்களான நாங்கள் அந்த நேரம் என்ன செய்தோம்? ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ‘அவங்க எல்லாரும்’ என்ற பேச்சு நம் டவுன்களிலும் நடந்தது. தலைமுறையாக நமக்குக் கடனுக்குச் சாமான் தந்த கடைக்காரரின் கடைக்குப் போகாதே என்றார்கள். நம்மில் சிலர் போகவில்லை. நமக்கு விளங்கக்கூடிய மொழியில் எழுதிய ஒரு கவிஞருக்காக, அந்தக் கவிதையை வாசித்துப் பார்த்துப் பேசியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். பேசவில்லை. முகநூலில் எழுதினாலே உள்ளே போடலாம் என்ற பயத்தைத் தரும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இல் வந்தபோதுதான் நமக்குத் திடீரென்று பேச்சுரிமை ஞாபகம் வந்தது. அடுத்தவன் வீட்டில் தீப்பிடிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நம் லயத்துக்கு வரும்போது தண்ணீர் தேடுகிற கதை இது. லயத்தில் இருக்கிற நமக்குத் தெரியும், ஒரு காம்பராவில் பிடித்தால் கூரை வழியாக எல்லாக் காம்பராவுக்கும் போகும்.

இப்போது உங்கள் மனதில் இருக்கும் கேள்விகளுக்கு வருவோம்.

“நாம் மைக் கொடுத்தால் அவன் நமக்குக் கொடுப்பானா?” கொடுக்காமல் போகலாம். உடனே கொடுப்பான் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை. ஆனால் நாளைக்குத் தொழில் திணைக்களத்தில் போய் நம் உரிமையைக் கேட்கும்போது, “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று எதிர்க்கேள்வி வந்தால் நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டுமே. சொந்த நடத்தை சுத்தமாக இருந்தால்தான் கடிதம் எழுதும் பேனா நிற்காது.

“உண்மையிலேயே கம்பெனிக்கு விலைபோனவன் இருக்கிறானே?” இருக்கிறான். இல்லை என்று சொல்லவில்லை. அப்படி இருந்தால் அவன் எந்தத் திகதியில், எந்தக் கடதாசியில், என்ன செய்தான் என்று சொல்லுங்கள். ஆதாரத்தோடு சொன்னால் அது அவனை விடாது. ‘அந்தச் சங்கத்துக்காரனுங்க எல்லாம்’ என்று சொன்னால் உண்மையான திருடன் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வான். அந்தச் சங்கத்தில் சந்தா கட்டும் நம் அக்கா, அண்ணன், சம்பந்தி எல்லாரும் நம்மை விட்டு விலகிப் போவார்கள். சம்பளச் சபையில் கை சேர வேண்டிய நேரத்தில் அவர்களிடம் எந்த முகத்தோடு போவது?

“அப்படியென்றால் எது பேசினாலும் விடுவதா?” இல்லை. சாதி சொல்லி ஏசுவது, பெண்களைக் கேவலப்படுத்துவது, அடிப்பேன் கொல்லுவேன் என்று மிரட்டுவது கருத்து இல்லை. அதை நிறுத்தலாம், நம் ஆள் செய்தாலும் நிறுத்த வேண்டும். மற்றப்படி, ஒருவரைப் பேச விடுவது வேறு, அவர் சொல்வதை ஒத்துக்கொள்வது வேறு. அவர் பேசி முடித்த பிறகு நாம் எழுந்து வரிக்கு வரி பதில் சொல்லலாம். நல்ல பதில் இருப்பவனுக்கு வயரைப் பிடுங்கத் தேவையில்லை.

பெரியவர்களான நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையோடு ஒரே வாங்கில் உட்கார மாட்டேன் என்றது. ஏன் என்று கேட்டோம். “அவங்க அப்பா அந்தச் சங்கம்” என்றது. ஒன்பது வயது. சங்கம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பகை மட்டும் தெரிந்திருக்கிறது. நாங்கள் பாடப் புத்தகத்தில் என்ன படிப்பித்தாலும் லயத்து வாசலில் படித்ததுதான் முதலில் மனதில் நிற்கும்.

ஆகவே நான்கு விஷயங்களை எங்கள் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. உங்கள் தோட்டங்களிலும் பேசிப் பாருங்கள்.

ஒன்று. நம் பொதுக்கூட்டத்தில் மாற்றுக் கருத்துள்ள யாருக்கும் ஐந்து நிமிடம் உண்டு. அவர் பேசி முடிக்கும்வரை தலைவர் கூட்டத்தை அமைதியாக வைத்திருக்க வேண்டும். சத்தம் போடுபவர் நம் ஆளாக இருந்தால் முதலில் அவரை உட்கார வைக்க வேண்டும்.

இரண்டு. ஒருவரைக் கண்டிக்கும்போது அவர் செய்ததைச் சொல்வோம். ‘அவங்க எல்லாரும்’ என்ற சொல்லை மேடையிலும் வட்ஸ்அப் குழுவிலும் விடுவோம்.

மூன்று. மற்றச் சங்கத்தின் நோட்டீஸை நிர்வாகம் கிழித்தால், அந்தச் சங்கத்தார் கூட்டம் வைக்க இடம் மறுத்தால், நாமும் சேர்ந்து கேட்போம். அவர்களுக்கு மூடிய கதவு நமக்கும் மூடும்.

நான்கு. எதிர்க் கருத்துக்குப் பதில் சொல்லும் முன், அவர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை சொல்லி, “இதைத்தானே சொன்னீங்க?” என்று கேட்போம். அவர் ‘ஆமாம்’ என்ற பிறகு பதில் சொல்வோம்.

இதனால் நாம் பலவீனப்பட்டுவிடுவோம் என்று சில தலைவர்கள் பயப்படுகிறார்கள். கழிவுக் கணக்கு எழுதிய அந்தக் கொப்பி நம் கைக்கு வந்ததால் நாம் பலவீனப்பட்டோமா, பலப்பட்டோமா என்று யோசியுங்கள்.

அந்த இளைஞர் இன்னும் மற்றச் சங்கத்தில்தான் இருக்கிறார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம், சங்கம் மாறச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த மாதம் கோயில் முன்றலில் அதே விஷயத்தைப் பற்றிக் கூட்டம் இருக்கிறது. அவரை அழைத்திருக்கிறோம், வருகிறேன் என்றிருக்கிறார். அவர் சொல்வதில் பாதியை நாங்கள் எதிர்த்துப் பேசுவோம். அவர் பேசி முடித்த பிறகு.

“அந்தப் பையன் என்னதான் சொல்ல வந்தான்?” என்று கேட்ட அந்த அம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வைப்போம். நீங்களும் வாருங்கள்.